நரியைச் சுட எந்தத் துப்பாக்கி நல்லது?

ஒரு மாசமா பதிவு எதுவும் போடலை. ஆடிட் நேரம், ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன், போன ஞாயித்துக்கிழமை எங்க சொசைட்டி மீட்டிங்ல நடந்த கூத்தைப் பார்க்காம இருந்திருந்தா. வயித்தெரிச்சல்ல எழுதுறேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

எங்க பில்டிங் செம்பூர்ல, செடா நகர் முருகன் கோயிலைத் தாண்டி ஓடைப்பக்கம். பின் சுவருக்கு அந்தாண்ட ஒரு நாலா. நாலாவுக்கு அந்தாண்ட அலையாத்திக் காடு. அந்தக் காட்டுல நரி இருக்கு. "பம்பாய்ல நரியா? சும்மா அளக்காதே"ன்னு ஊர்ல சிரிப்பாங்க. இருக்கு சாமி. விக்ரோலி, காஞ்சூர்மார்க், ட்ராம்பேன்னு ஓடையை ஒட்டி எங்கெல்லாம் அலையாத்தி மிச்சம் இருக்கோ அங்கெல்லாம் இருக்கு. மராத்தியில கோல்ஹா. நண்டு, எலி, மீனு, கோழிக்கடைக்காரன் ராத்திரி கொட்டிட்டுப் போற கழிவு, இதுதான் சாப்பாடு. எட்டுலேர்ந்து பத்து கிலோ எடை. தெருநாயைவிடச் சின்னது, கூச்ச சுபாவம். பத்து வருஷமா இங்க இருக்கேன், நான் ரெண்டே தடவைதான் பார்த்திருக்கேன்.

போன மாசம் ஒரு நாள் விடியக்காலை நாலரை மணிக்கு எங்க வாட்ச்மேன் அண்ணாச்சி பின்கேட்டைத் திறக்கப் போயிருக்கார். அண்ணாச்சிக்கு அம்பாசமுத்திரம் பக்கம், முப்பது வருஷமா தாராவிவாசி. சுவர் ஓரமா நின்ன நரி ஓடாம நேரா வந்து கெண்டைக்கால்ல கடிச்சிட்டுப் போயிருக்கு. நரி முகத்துல முழிச்சா யோகம்னு நம்ம ஊர்ல சொல்வாங்க இல்லையா? எங்க சேலம் ஜில்லா வாழப்பாடி பக்கம் அதுக்காகவே பொங்கல் சமயத்துல வங்காநரியைப் பிடிச்சிட்டு வந்து ஊர் நடுவுல ஓடவிட்டு 'வங்காநரி ஜல்லிக்கட்டு' நடத்துவாங்க, வனத்துறை தடை போட்டு வழக்குப் பதியற வரைக்கும் போயிருக்கு. அண்ணாச்சிக்குக் கிடைச்ச யோகம் வேற மாதிரி.

மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? காயத்துல மஞ்சளை அப்பிக்கிட்டு எட்டு மணி வரைக்கும் டூட்டி பார்த்தார். நான் பால் வாங்கக் கீழ இறங்கினப்போ கால்ல துணியைப் பார்த்துக் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி, நாய் மாதிரி ஒண்ணு. லேசா பல்லு பட்டுட்டு, அம்புட்டுதான்."

"அண்ணாச்சி, ஊசி போட்டீங்களா?"

"இன்னைக்கு லீவு போட்டா சம்பளத்துல பிடிப்பாவ தம்பி. ஞாயித்துக்கிழமை பாத்துக்கிடலாம்."

ஞாயித்துக்கிழமைக்கு அஞ்சு நாள் இருந்தது. குழாயடியில உட்கார வச்சு சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வச்சேன். (இது சும்மா சடங்கு இல்லீங்க. வெறிநோய் வைரஸோட மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைச்சிடும். ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவறதுதான் சிகிச்சையோட முதல் பாதி.) அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடிங்கறதால தடுப்பூசி மட்டும் பத்தாது, காயத்தைச் சுத்தியே இம்யூனோகுளோபுலின் போடணும். அன்னிக்கு ரெண்டும் போட்டாங்க. பாக்கி ஊசி மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். செக்யூரிட்டி கான்ட்ராக்டர் அந்த அரை நாள் சம்பளத்தைப் பிடிச்சது நிஜம். ஆள் பேர் வேண்டாம்.

இப்ப மீட்டிங்குக்கு வருவோம். அஜெண்டாவுல 'நரித் தொல்லை'ன்னு ஒரே வரி. நாப்பது நிமிஷம் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு நினைக்கிறீங்க? எந்த காலிபர்!

மூணாவது மாடி இளைஞர் ஒருத்தருக்கு டெக்ஸாஸ்ல ஒன்றுவிட்ட அண்ணன். அங்க கயோட்டின்னு ஒரு மிருகம், நம்ம நரிக்குப் பங்காளி முறை, கொஞ்சம் பெரிசு. அதை ராத்திரியில குரல் கொடுத்து வரவழைச்சுச் சுடுறது அங்க ஒரு விளையாட்டு, சில பேருக்குத் தொழில். அண்ணன் அனுப்பின வீடியோவை எல்லாருக்கும் காட்டினார். .223 போதும்னார். எதிர்ல உட்கார்ந்திருந்தவர், "இல்லை, .22-250, வேகம் அதிகம்." ஊர்ல தாத்தாவோட இரட்டைக்குழல் வச்சிருக்கற பெரியவர், "பன்னெண்டு போர்தான் நம்ம நாட்டுக்குச் சரி." கூடவே ஜிம் கார்பெட், .275 ரிக்பி, கென்னத் ஆண்டர்சன், .405 வின்செஸ்டர். ஆண்டர்சன் பேரைக் கேட்டதும் எனக்கே ஒரு நிமிஷம் சபலம் தட்டிச்சு, பொய் சொல்ல மாட்டேன். அவர் வேட்டையாடின ஜவளகிரி அந்தக் காலத்துல எங்க சேலம் ஜில்லா! சின்ன வயசுல அவர் கதைகளைப் படிச்சிட்டுக் கவண்கல்லோட திரிஞ்சவன் நான். அதனால துப்பாக்கி பிடிக்காத ஆசாமி எழுதறான்னு ஒதுக்கிடாதீங்க. அவங்க கேள்வியையே எடுத்துக்கிட்டு முறையா பதில் சொல்றேன்.

கயோட்டிக்கு ஏன் .223? அஞ்சரை மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள சின்னத் தோட்டா, மூணரை கிராம் எடை, வினாடிக்கு 950 மீட்டருக்கு மேல வேகம். வேகம் இருக்கறதால இருநூறு மீட்டர் தூரம் வரைக்கும் தோட்டா ரொம்பத் தாழாம நேர்கோடா போகும், தூரத்தைத் துல்லியமா கணிக்க வேண்டியதில்லை. வேட்டைக்குன்னு மெல்லிய உறை போட்ட தோட்டா இருக்கு. அது உடம்புக்குள்ள போனதும் சிதறிடும், மறுபக்கம் ஓட்டை விழாது, தோல் கெடாது. தோலுக்கு விலை இருந்த நாள்ல அது முக்கியம். .22-250 அதையே இன்னும் வேகமா செய்யும், வினாடிக்கு 1,100 மீட்டர் கிட்டத்தட்ட. அதுக்கு விலை, குழல் சீக்கிரம் தேயும், சத்தமும் பெரிசு. .243 ஆறு மில்லிமீட்டர், காத்துல அவ்வளவா ஒதுங்காது, மானுக்கும் ஆகும். மூணுமே அதனதன் இடத்துல நல்ல தேர்வுதான். அந்த இடம் எதுன்னுதான் யாரும் கேக்கலை.

டெக்ஸாஸ் மேய்ச்சல் நிலத்துல மைல் கணக்கா வீடு கிடையாது. அங்கேயும் வேட்டைப் பாடத்துல ஆரம்பத்துலயே சொல்லித் தர்ற விஷயம், குறிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பார்னுதான். தப்பின தோட்டாவை வாங்கிக்க ஒரு மண்மேடு வேணும். பின் சுவர்ல நின்னு சுட்டா எங்க நரிக்குப் பின்னாடி என்ன இருக்கு? நாலாக்கரை குடிசைகள். அதுக்குப் பின்னாடி ஹைவே. .223 மேல்நோக்கிப் போச்சுன்னா மூணு கிலோமீட்டருக்கு மேல போய் விழும். பொம்மை மாதிரி இருக்கற .22 தோட்டா கூட ஒன்றரை மைல் போகும். மூணு கிலோமீட்டர் வட்டம் போட்டா செம்பூர் ஸ்டேஷன், முருகன் கோயில், தேவ்னார் குப்பைமேடு, பாதி கோவண்டி, எல்லாம் உள்ள. கொஞ்சம் தள்ளி மாஹுல்ல ரெண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அணுசக்தி ஆராய்ச்சி நிலையம். ரைஃபிளோட திரிய இதைவிட மோசமான பேட்டையை இந்தியாவுல தேடித்தான் பிடிக்கணும். :-)

பன்னெண்டு போர்? ரவை தூரம் போகாது, உண்மை. ஆனா நாப்பது மீட்டருக்குள்ள நரி நிக்கணும். விரிஞ்சு போற ரவை கான்க்ரீட் சுவர்ல பட்டு எந்தப் பக்கம் தெறிக்கும்னு சுடறவருக்கே தெரியாது. பாதி அடிபட்ட நரி புதருக்குள்ள போய் ரெண்டு நாள் கிடக்கும், அதை மோந்து பார்க்கப் போறது நம்ம தெருநாய்.

சட்டம் வேற இருக்கு. 2019 ஆயுதச் சட்டத் திருத்தம் கல்யாண ஊர்வலத்துல அஜாக்கிரதையா சுடறதையே குற்றம்னு தனியா சேர்த்திருக்கு. நரி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வர்ற பிராணி. நம்ம இஷ்டத்துக்குக் கொல்ல முடியாது. வனத்துறையைத்தான் கூப்பிடணும். "பீகார்ல சுட்டாங்களே?"ன்னு ஒருத்தர் கேட்டார். சுட்டாங்க. 2016-ல மோகாமாவுல நீலான்களை, இருநூறுக்கு மேல. மத்திய அரசு குறிப்பிட்ட காலத்துக்கு அதைத் தொல்லை விலங்குன்னு அறிவிச்சு, வெளியூர்லேர்ந்து வேட்டைக்காரரை வரவழைச்சு, திறந்தவெளி வயல்ல சுட்டாங்க. அதுக்கே மத்திய அமைச்சர்கள் ரெண்டு பேர் பகிரங்கமா மோதிக்கிட்டாங்க. அது பயிர்ச் சேதத்துக்காக. இங்க பிரச்சினை பயிர் இல்லை, வெறிநோய்.

எனக்குக் கோபம் வந்த இடமே அதுதான். நாப்பது நிமிஷத்துல 'வெறிநோய்'ங்கற வார்த்தையை ஒருத்தர் கூடச் சொல்லலை. 2024 செப்டம்பர்ல இதே செம்பூர், ட்ராம்பே பக்கம் நரிகள் ஆட்களைக் கடிச்சுது, பேப்பர்ல வந்தது. பிடிபட்டதுல சிலதுக்குப் பரிசோதனையில வெறிநோய் உறுதியாச்சு. பகல்ல மனுஷனைப் பார்த்து ஓடற மிருகம் நேரா வந்து கடிச்சா முதல் சந்தேகம் அதுவாத்தான் இருக்கணும். அந்த நோய் அறிகுறி காட்டிட்டா அப்புறம் மருந்து கிடையாது, ஆள் போனார்னு அர்த்தம். கடிச்சதுக்கும் அறிகுறிக்கும் நடுவுல சில வாரமோ மாசமோ அவகாசம் இருக்கு. தடுப்பூசி வேலை செய்யறது அந்த இடைவெளியிலதான். அந்த இடைவெளியில ஞாயித்துக்கிழமைக்காகக் காத்திருந்தார் எங்க அண்ணாச்சி. அவரைப் பத்தி மீட்டிங்ல வந்த ஒரே கேள்வி, "நைட் ஷிப்டுக்கு மாத்து ஆள் அனுப்பினாங்களா?"

நரிக்கு இந்த நோய் எங்கேர்ந்து வந்தது? ஆகாசத்துலேர்ந்து குதிக்கலை. நம்ம நாட்டுல மனுஷனுக்கு வர்ற வெறிநோய்ல ரொம்பப் பெரும்பகுதி நாய்க்கடியால. நாலாக்கரை கழிவுல நாயும் நரியும் ஒரே இலையில சாப்பிடுது, சண்டை போடுது. நாயோட நோயை நிறுத்தாம நரியைச் சுடறது, தண்ணித்தொட்டி நிறைஞ்சு வழியறப்போ குழாயை மூடாம தரையைத் துடைக்கற மாதிரி. ஒரு நரி போனா அந்த எல்லை காலியாகும், ஐரோலிப் பக்கத்து இளவட்ட நரி ஒண்ணு வந்து உட்காரும். அமெரிக்காவுல அரசாங்கமே வருஷத்துக்குப் பல்லாயிரம் கயோட்டிகளைக் கொல்லுது. பலன்? மேற்குச் சமவெளியில இருந்த கயோட்டி இன்னிக்குச் சிகாகோ நடுநகரத்துலயும் நியூயார்க் பூங்காவுலயும் குடித்தனம் நடத்துது.

டெக்ஸாஸ் அண்ணனோட தம்பிக்கு ஒரு செய்தி. 1988-லேர்ந்து தெற்கு டெக்ஸாஸ் கயோட்டிகள்கிட்ட நாய் வெறிநோய் பரவிச்சு. மனுஷங்க ரெண்டு பேர் செத்தாங்க. 1994-ல கவர்னர் அவசரநிலை அறிவிச்சார். அங்க வீட்டுக்கு வீடு ரைஃபிள், .223-ம் .243-ம் கொட்டிக்கிடக்கு. சுட்டே தீர்த்திருக்கலாம் இல்லையா? அவங்க செஞ்சது என்ன தெரியுமா? 1995-லேர்ந்து விமானத்துல பறந்து மீன்மாவு உருண்டைகளைத் தூவினாங்க. உருண்டைக்குள்ள வாய்வழித் தடுப்புமருந்து. கயோட்டி கடிச்சுச் சாப்பிட்டா அதுவே தடுப்பூசி. வருஷா வருஷம் குளிர்காலத்துல தூவித் தூவி, 2004-ல கடைசி நோய் கண்டாங்க. 2007-ல நாய் வெறிநோய் எங்க நாட்டுல இல்லைன்னு அமெரிக்கா அறிவிச்சது. அதுக்கு முன்னாடியே 1978-ல சுவிட்சர்லாந்துக்காரன் கோழித்தலைக்குள்ள மருந்தை வச்சு நரிகளுக்குப் போட்டு ஆரம்பிச்ச வித்தை இது. உலகத்துலேயே கயோட்டி சுடறதுல கில்லாடிகள் வெறிநோய்னு வந்தப்போ துப்பாக்கியை நம்பலை. நம்ம மூணாவது மாடி நம்பறார்.

பம்பாய்க்கு இந்தப் பாடம் புதுசும் இல்லை. 1832-ல கம்பெனி சர்க்கார் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போட்டு, தலைக்கு எட்டணா கூலி அறிவிச்சது. எட்டணாவுக்காக வீட்டு நாயையும் பிடிச்சு அடிச்சாங்க. ஜூன் 6-ஆம் தேதி கோட்டைப் பகுதியில பார்சிகள் தெருவுக்கு வந்தாங்க, கலவரமே ஆச்சு. நாயை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோய் விடறதுன்னு கடைசியில சர்க்கார் இறங்கி வந்தது. நம்ம சென்னை கதையும் அதேதான். கார்ப்பரேஷன் நூறு வருஷத்துக்கும் மேல நாயைப் பிடிச்சுக் கொன்னுக்கிட்டே இருந்தது. கொல்ற எண்ணிக்கை கூடிக்கிட்டேதான் போச்சு, நாய் குறையலைன்னு ப்ளூ கிராஸ் கணக்குக் காட்டினப்புறம், 1996-லதான் கருத்தடையும் தடுப்பூசியும்னு திரும்பினாங்க.

நரி பிடிக்கறதுல துப்பாக்கி தேவையே இல்லாத நிபுணர்கள் நம்மகிட்டயே இருந்தாங்க, நரிக்குறவர்கள். நரி மாதிரியே ஊளையிட்டு வரவழைச்சுக் கண்ணி வச்சுப் பிடிப்பாங்க. அமெரிக்காக்காரன் பேட்டரி போட்ட கருவியில செய்யறதை இவங்க தொண்டையில செஞ்சாங்க. அவங்க பேசற வாக்ரிபோலி குஜராத்திக்குச் சொந்தம். மாட்டுங்கா மார்க்கெட்ல ஒரு தடவை பழைய துணிக்குப் பாத்திரம் விக்கற வாக்ரி அம்மா பேசினதைக் கேட்டதும் எங்க ஊர் ஊசி பாசிக்காரங்க ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தேன். வேட்டைக்கு அவங்க மேல கேஸ் போட்டோம், பழங்குடிப் பட்டியல்ல சேர்க்க 2023 ஆச்சு. ஆனா ஃப்ளாட்ல உட்கார்ந்து .22-250 பேசினா அது ஹாபி. (தனிப் பதிவாவே எழுதணும், பார்ப்போம்.)

சரி, என்ன பண்ணணும்கறே? மீட்டிங்ல எழுந்து சொன்னதையே இங்கேயும் சொல்றேன். கோழிக்கடைக் கழிவு நாலாவுல விழறதை நிறுத்தணும். ரெண்டு கடைதான், பேசினா முடியும். எங்க லேன்ல இருக்கற நாய் பதினேழு. நானும் தங்கமணியும் ரெண்டு ராத்திரி எண்ணினோம். பத்துல ஏழு நாய்க்குத் தடுப்பூசி இருந்தா நோய்ச் சங்கிலி அறுந்துடும்னு உலகம் பூரா ஒத்துக்கிட்ட கணக்கு. பதினேழுக்குமே போட ஆகற செலவு, போன வருஷம் சொசைட்டி லாபியில வச்ச செயற்கை நீரூற்றுக்கு ஆன செலவுல கால்வாசி கூட வராது. பின்கேட்டுக்கு விளக்கு. திரும்பவும் நரி வந்தா கம்பெடுக்காம வனத்துறைக்குப் போன். அலையாத்திக் காட்டுக்கு வாய்வழி மருந்து வேணும்னு மாநகராட்சிக்கும் வனத்துறைக்கும் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு. அப்புறம், கடிபட்டவனுக்கு ஊசி போடற நாலு நாளும் சம்பளத்தோட லீவு. கான்ட்ராக்டர் தரலைன்னா சொசைட்டி தரணும்.

கடைசி விஷயத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம். "முன்னுதாரணம் ஆயிடும்"னார் ஒருத்தர். ஆகட்டுமே சார், அதுக்குத்தான் கேக்கறேன். வாட்ச்மேன் நம்ம சொசைட்டி ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்னு இன்னொருத்தர் விளக்கினார். நரிக்கு அந்த வித்தியாசம் தெரியலை போலிருக்கு. ராத்திரி நாலரை மணிக்கு அண்ணாச்சி பின்கேட்டைத் திறந்தது யாருக்காக? அஞ்சு மணிக்கு வாக்கிங் போற நமக்காக.

ஓட்டுக்கு விட்டாங்க. கழிவு, விளக்கு பாஸ். நாய்த் தடுப்பூசி அடுத்த மீட்டிங்குக்குத் தள்ளிவைப்பு. லீவு விஷயத்துல பதினொண்ணுக்கு ஒன்பதுன்னு தோத்தோம். மூணாவது மாடித் தம்பி எங்க பக்கம் ஓட்டுப் போட்டார், அதையும் சொல்லிடணும்.

அண்ணாச்சிக்கு நேத்து இருபத்தெட்டாம் நாள் ஊசி முடிஞ்சது. காயம் ஆறிடுச்சு. அந்த நாலு அரை நாள் சம்பளத்தை ஒன்பது வீட்டுக்காரங்க பிரிச்சுக் கொடுத்தோம். முதல்ல வாங்க மாட்டேன்னார். "கடனா வச்சுக்கிடுதேன் தம்பி"ன்னு சொல்லித்தான் வாங்கினார். அடுத்த மீட்டிங் வர்ற ரெண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு. பக்கத்துப் பில்டிங் தமிழ் ஆளுங்க யாராவது படிச்சா உங்க லேன் நாய்களையும் எண்ணி வையுங்க, மனுவுல சேர்த்துக் கொடுப்போம்.

டிஸ்கி: .204 ரூகர், .17 ரிம்ஃபயர் எல்லாம் ஏன் விட்டேன்னு பின்னூட்டம் போட வர்ற நிபுணர்களே, வாங்க, பேசலாம். ஆனா மொதல்ல உங்க பில்டிங் வாட்ச்மேன் கடைசியா எப்ப டெட்டனஸ் ஊசி போட்டார்னு கேட்டுட்டு வாங்க.